விட்ட மீனுக்குத் தண்டம்

அன்று சனிக்கிழமை காலை அந்தக் குளத்தடியில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். என் அக்காவின் புருஷன், அதாவது அத்தான். நான். எங்களுக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிளவுஸ் என்ற ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. அவருடைய கிழட்டு நாய். மீன்பிடிக் கழகத்தின் தலைவர். கழகத்தின் காசுப்பெட்டியை வைத்திருக்கும் கெர்டா என்ற அம்மா. சுற்றிவர இன்னும் பத்துப் பன்னிரண்டு உறுப்பினர்கள். என் அக்கா அங்கே இல்லை. அவள் வீட்டில் மோதகம் அவித்துக்கொண்டிருந்தாள். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். ஏனென்றால் பிறகு ஜேர்மனியில் ஹம் என்ற அந்த ஊரில் எங்கள் ஆட்கள் கதைத்த கதையில், அக்காதான் குளத்தடிக்கு வந்து மீனைப் பறித்துத் தண்ணீரில் எறிந்தாள் என்று வந்தது. அது முழுப் பொய்.

நான் வவுனியாவில் ரயர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கும் முதலில் பயப்படுகிறவன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட என்னை ஜேர்மனிக்கு இழுத்தது அக்காவின் நேர்த்தி. அத்தானுக்கு முள்ளந்தண்டில் ஒப்பரேஷன் நடந்தபோது, அவர் எழும்பி நடந்தால் அடுத்த வருஷம் அங்கேயுள்ள அம்மன் கோயில் தேருக்குப் பாற்செம்பு எடுப்பார், தம்பி நானும் பக்கத்தில் நிற்பேன் என்று அவள் நேர்ந்துவிட்டாள். நேரும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து ஹம்முக்கு ரயில். அத்தானால் நெடுந்தூரம் கார் ஓட ஏலாது, இன்னும் இடுப்பில் பட்டி கட்டுகிறார். நான் கடவுச்சீட்டைச் சொப்பிங் பையில் சுற்றிச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தேன். ஹம்முக்கு முன்னால் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் இரண்டு வசனம் சொன்னார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரு பெருமூச்சு விட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் என்றால் இதற்குள் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றிருக்கும், அந்தக் கூட்டத்துக்கு வடை விற்க ஒருவனும் வந்திருப்பான். நான் மட்டும் வெறும் ரயிலில் இருந்தேன். தலையில் துணி கட்டிய ஒரு பெண் திரும்பி வந்து, "ஹம்?" என்று கேட்டு, என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பஸ்ஸில் ஏற்றினாள். ரயிலுக்குக் காசு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் அனுப்புகிறார்கள். அதையும் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனால் சோறு, பருப்பு, கத்தரிக்காய். மறுநாளும் பருப்பு, கத்தரிக்காய்தான். கோயிலில் கொடி ஏறிவிட்டது. தேர் முடிந்து தீர்த்தம் ஆடுமட்டும் அந்த வீட்டில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் இல்லை. மீன் சட்டியை அக்கா நிலக்கீழ் அறைக்கே அனுப்பிவிட்டாள். "மீன் இந்த வாசல்படி ஏறக்கூடாது" என்றாள். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அத்தானைப் பார்த்துச் சொன்னாள்.

காரணம் அன்று மாலைதான் விளங்கியது. அத்தான் தன் கைத்தொலைபேசியில் ஒரு மீனின் படத்தைக் காட்டினார். பாசி நிறம், தடித்த வால், செதிலே தெரியாத அளவுக்கு வழுவழுப்பு, குன்றிமணி மாதிரிச் சின்னச் சிவப்புக் கண். இங்கே ஷ்லையே என்கிறார்கள். எங்களுக்கு அதற்குப் பேரில்லை.

"விரால் மாதிரி இருக்கும் மச்சான். பாக்கிறதுக்கு இல்லை, வாயில வைக்கேக்கை. இந்த ஊரில சேத்தை விரும்புற மீன் இது ஒண்டுதான்."

கம்பித் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம் நின்ற மனிதன் அவர். முதுகு போனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் எழும்பிச் சவரம் செய்து, வெளிக்கிட்டு, பிறகு போக இடமில்லாமல் குசினிக் கதிரையில் இருப்பாராம். அக்காதான் சொன்னாள். "ஒரு மாசம் முழுக்க என்னோட ஒரு பத்து வசனம் கதைச்சிருப்பார். அதிலயும் பாதி உப்புக் கூடிப்போச்சு எண்டது." அப்படி இருந்தவர், ஊருக்கு வெளியே பழைய செங்கல் சூளைக்கு மண் தோண்டிய ஒரு குளத்தில் ஷ்லையே இருக்கிறதென்று அறிந்து, அந்தக் குளத்தை வைத்திருக்கும் கழகத்தில் சேர மனுப் போட்டார். அங்கே போகத் தொடங்கிய பிறகுதான் மனிதனுக்கு வாய் திறந்தது. கிளவுஸ் இப்படிச் சொன்னான், கிளவுஸின் நாய்க்குக் கால் வீக்கம் என்று சாப்பாட்டு மேசையில் கதை வந்தது.

ஆனால் கழகத்தில் உடனே சேர்க்க மாட்டார்கள். ஒரு வருஷம் 'புரோபே'யில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த வருஷத்தில் எல்லோரும் சேர்ந்து மீன் பிடிக்கும் நாட்கள் இரண்டு. ஒன்று ஒப்பரேஷனோடு போய்விட்டது. மற்றது, நம்புங்கள், தேருக்கு முதல் நாள் சனிக்கிழமை. அதற்கும் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

"கோயில் எண்டு சொல்லிப்போட்டு வீட்டில நிண்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஒருக்கா ஆஸ்பத்திரி எண்டன். இப்ப கோயில் எண்டா, உவன் சாட்டுக்காரன் எண்டுதான் நினைப்பினம்."

"அப்ப வேற குளமே இல்லையே இந்த நாட்டில?"

"பாப்பம். பாக்கிறதுக்கு விரதம் இல்லைத்தானே."

அப்படித்தான் நாங்கள் அந்தக் கிழமை முழுவதும் தண்ணீர் தண்ணீராகத் திரிந்தோம். எல்லாம் அரை மணித்தியாலக் கார் ஓட்டத்துக்குள். அத்தானின் இடுப்புக்காக இடையிடையே நிறுத்தி, அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடப்பார். நான் பொலிஸ் வருகிறதா என்று பார்ப்பேன். எதற்கு வரவேண்டும் என்று எனக்கும் தெரியாது.

முதலில் கால்வாய். கரை இரண்டும் கல்லும் இரும்பும். நிலக்கரி ஏற்றிய கப்பல் ஒன்று போனது, அது கிளப்பிய அலை கரையில் அடித்தடித்துக் கால் நனைந்தது. "இஞ்சை அது நிக்காது" என்றார் அத்தான். அதற்கு ஆழம் குறைவாக, வெயில் பட்டுச் சூடாகிற தண்ணீர் வேண்டும். அடியில் சேறு, மேலே அல்லி, காற்று அடிக்காத ஒரு மூலை. காலையில் அது சேற்றைக் கிண்டும்போது சோடா மாதிரி நுண்ணிய குமிழி கூட்டமாக மேலே வருமாம். மனிதன் கேட்பதைவிட அந்த மீன் அதிகம் கேட்கிறது.

அடுத்தது காசு கட்டிப் பிடிக்கிற குட்டை. பக்கத்தில் தொத்திறைச்சி பொரிக்கிற கடை, பிளாஸ்டிக் கதிரை. காலையில் லொறியில் மீனைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், மத்தியானத்துக்குள் அதை ஆட்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இதற்கு லொறிக்காரனிடமே வாங்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது. "ஷ்லையே இருக்கோ?" என்று அத்தான் கேட்டார். கடைக்காரன் சிரித்துவிட்டு, "அது மெதுவாகத்தான் பிடிபடும், அவ்வளவு நேரம் ஒருவரும் இங்கே இருக்க மாட்டார்கள்" என்றானாம்.

மூன்றாவது, ஆற்றிலிருந்து பிரிந்து தேங்கிப்போன ஒரு பழைய கிளை. ஐயோ, என்ன இடம். அல்லி இலை நெருங்கிக் கிடந்தது. கரையில் நாணல். குனிந்து பார்த்தபோது நானே கண்டேன், இலைகளுக்கு நடுவே ஊசி முனை அளவுக் குமிழி சரசரவென்று வந்தது. அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார். திரும்பினால் மரத்தில் பச்சை முக்கோணப் பலகை, அதில் கழுகு. இயற்கைக் காப்பிடம். தூண்டில் போடக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது. நாங்கள் பாதையை விட்டு இறங்கித்தான் நின்றோம். நான் அத்தானை விட்டுவிட்டுக் காருக்கு ஓடினேன். மீனுக்குப் பிடித்த இடம் எல்லாம் மீனுக்கு என்றால் மனிதன் எங்கே போவது?

கடைசியாக மணல் தோண்டிய பெரிய குழி. நீலத் தண்ணீர், அடி தெரியாத ஆழம். அங்கே வாட்டசாட்டமான இளந்தாரிகள் கூடாரம் அடித்து, ஆளுக்கு மூன்று தடி போட்டு, மீன் கடித்தால் கூவுகிற மின்சார மணி வைத்துப் படுத்திருந்தார்கள். கெண்டை மாதிரி ஒரு பெரிய மீனைத் தூக்கி, கட்டிப்பிடித்து, படம் எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகத் தண்ணீரில் விட்டார்கள்.

"ஏன் களவெடுக்கிற மாதிரி விடுறாங்கள்?" என்றேன்.

"விடக்கூடாது மச்சான். அளவான மீனெண்டா அடிச்சுக் கொண்டுபோய்ச் சாப்பிடவேணும். விளையாட்டுக்குப் பிடிச்சு விடுறது மிருகவதை. எல்லாருக்கும் தெரியும் உவங்கள் விடுறாங்கள் எண்டு. ஒருத்தரும் காணுறேல்லை."

அந்த நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. வாயில் தூண்டில் முள்ளைக் குத்திப் படம் எடுத்து அனுப்புவது நல்ல வேலை இல்லைத்தான். அதை நான் அன்றே ஒத்துக்கொண்டேன். பிறகு நடந்ததுக்குத்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஆகவே வேறு தண்ணீர் இல்லை. செங்கல் குழிதான். வெள்ளிக்கிழமை இரவு அத்தான் தூங்கவில்லை, பலகைக் கட்டிலின் சத்தம் கேட்டது. சனி காலை காருக்குள் ஏறியதும் தன் யோசனையைச் சொன்னார்.

"புழு குத்தாமல் போடப்போறன்."

"என்னது?"

"வெறும் முள்ளு. நான் போனதும் ஆச்சு, மீன் பிடிபடாததும் ஆச்சு. அம்மனுக்கும் குறையில்லை, கழகத்துக்கும் குறையில்லை."

இப்படி ஒரு யோசனை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் வராது. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அதுதான் பயம்.

குளம் நல்ல குளம், பொய் சொல்லக்கூடாது. சுற்றிவர மரம், ஒரு மூலையில் அல்லி, கலங்கிய தேநீர் நிறத் தண்ணீர். எல்லோரும் அத்தானுக்குக் கை கொடுத்தார்கள். முதுகு எப்படி என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். வீட்டில் நான் கண்ட அத்தான் இல்லை அவர், நிமிர்ந்து நின்றார். என்னைப் பற்றி ஒரு சிறு கூட்டமே நடந்தது. நான் தடியைத் தொடக்கூடாது. இங்கே தூண்டில் போடுவதற்குச் சோதனை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். சோதனைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், ஒரு குளத்தடியில் வைத்து மறுபடியும் என்னைப் பெயில் ஆக்கினார்கள். வலையை மட்டும் பிடிக்கலாம் என்று தலைவர் அனுமதி தந்தார்.

காலைச் சாப்பாட்டுக்குத் தொத்திறைச்சி சுட்டார்கள். அத்தான் வேண்டாம் என்றார். கெர்டா அம்மா இரக்கப்பட்டு உருளைக்கிழங்கு சலாது கொண்டுவந்து தந்தாள். அதற்குள் சின்னச் சின்னதாகப் பன்றி இறைச்சி. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நாய்க்குப் போட்டேன். அந்த நாய்தான் அன்றைக்கு என்னை மதித்த முதல் ஜேர்மன் ஆள்.

அத்தானின் தக்கை அசையாமல் நின்றது. நன்றாக நின்றது. எட்டு மணிக்குப் பிறகு அவர் கோப்பி எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்துக் கிளவுஸ் எழுந்து வந்தார். நல்ல மனிதன், கரிய நகம், பெரிய கை. அத்தானின் தடியைத் தூக்கி முள்ளைப் பார்த்தார். வெறும் முள். நாக்கைத் தட்டிக்கொண்டு, தன் டப்பாவிலிருந்து இரண்டு சிவப்புப் புழுவை எடுத்தார்.

"நோ, நோ" என்றேன்.

"பிற்ற, பிற்ற" என்றார் அவர், பரவாயில்லை என்கிற மாதிரி. நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். புழுவைக் குத்தி, அல்லியின் ஓரத்தில், குமிழி வந்துகொண்டிருந்த இடத்தில், இலை அசையாமல் போட்டுவிட்டுப் போய் இருந்தார். தடியைத் தொட்டால் குற்றம், தொடாவிட்டால் அம்மன் குற்றம். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

அத்தான் இரண்டு கோப்பியோடு வரும்போது தக்கை படுத்தது, எழும்பியது, பிறகு சரிந்துகொண்டே போய் மறைந்தது.

"என்னடா இது?"

"கிளவுஸ் புழு குத்திப்போட்டார் அத்தான்."

அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியாது. தடி வளைந்துவிட்டது, ஆட்கள் எழும்பிவிட்டார்கள், விட்டுவிட்டு நிற்க முடியாது. கை தானாக வேலை செய்தது. கடைசியில் நான்தான் வலையைக் கொடுத்துத் தூக்கினேன். படத்தில் கண்ட அதே மீன். பாசி நிறம், பித்தளை வயிறு, சிவப்புக் கண். அன்றைக்குப் பிடிபட்டதில் அதுதான் பெரியது. கையெல்லாம் சளி. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கிளவுஸ் தன் மகனுக்குக் கலியாணம் நடந்த மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார். தலைவர் அளவுகோலை வைத்துப் பார்த்துத் தலையாட்டி, மீனின் தலையில் அடிக்கிற கட்டையை அத்தானின் கையில் கொடுத்தார்.

அத்தான் முழங்காலில் இருந்தார். ஒரு கையில் கட்டை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. என்னைப் பார்த்தார்.

"மச்சான், கொடி ஏறியிருக்கு."

கட்டையைப் புல்லில் வைத்தார். இரண்டு கையாலும் மீனைத் தூக்கித் தண்ணீரில் விட்டார். அது ஒரு நொடி நின்று, போய்விட்டது.

தலைவர் சிவந்து போனார். அவர் பேசியதை அத்தான் எனக்குப் பிறகு சொன்னார். "பிடித்தவன் சாப்பிட வேண்டும். சாப்பிட மனமில்லாதவன் பிடிக்க வரக்கூடாது. வேண்டாமென்றால் கிளவுஸிடம் கொடுத்திருக்கலாமே?"

"கிளவுஸிட்டைக் குடுத்தா, கொல்லக் குடுத்தது நான்தானே" என்றாராம் அத்தான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அம்மன், கொடி, பாற்செம்பு, ஒப்பரேஷன், வெறும் முள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிளவுஸ் தொப்பியைக் கழற்றி, புழு குத்தியது நான்தான் என்று கையை உயர்த்தினார். உடனே வேறு வழக்குத் தொடங்கியது. அப்படியானால் அது யாருடைய மீன்? புழுக்காரனுடையதா, தடிக்காரனுடையதா? சட்டப் புத்தகத்தை எடுத்து வந்தார்கள். ஜேர்மன்காரர் பத்துப் பன்னிரண்டு பேர், வளர்ந்தவர்கள், தண்ணீருக்குள் போய்விட்ட ஒரு மீனுக்கு உரித்தாளி யார் என்று நின்று கதைத்தார்கள். அந்த மணல் குழியில் பெரிய பெரிய மீனைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து விடுகிறவர்களை ஒருவரும் காணவில்லை. இங்கே சாமிக்குப் பயந்து விட்ட ஒருவருக்கு இவ்வளவு கண். எனக்குக் கோபம் பாதி, கடவுச்சீட்டைப் பற்றிய பயம் பாதி. "சேர், தட் ஃபிஷ் இஸ் இன் த குளம்" என்று கத்திவிட்டேன். "அங்கேதான் இருக்கு. போய்ப் பாருங்கோ."

"சும்மா இரு மச்சான்" என்றார் அத்தான்.

முடிவு: தடிக்காரன்தான் பொறுப்பு. தண்டம், ஒரு நல்ல ஷ்லையே வாங்கிக் குளத்தில் விட ஆகும் செலவு, நாற்பது யூரோ. குளத்தில் நீந்துகிற மீனுக்குப் பதிலாக, குளத்தில் விடுவதற்கு மீன் வாங்கக் காசு. புரோபே விஷயத்தைப் பற்றித் தலைவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அத்தான் பேர்ஸைத் திறந்து இரண்டு இருபது யூரோத் தாளைக் கெர்டா அம்மாவிடம் நீட்டினார். அவள் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரை ஒரு தரம் பார்த்தாள். தாள் இரண்டையும் உள்ளே போட்டு, ஒரு பத்தும் ஒரு ஐந்தும் எடுத்து அவர் கையில் வைத்து, அந்தக் கையை மூடினாள். ஏதோ இரண்டு வசனம் கண்டிப்பாகச் சொன்னாள்.

கார் ஓடத் தொடங்கியதும் நான் வெடித்தேன். "என்ன அத்தான் இது, பிச்சை போடுறாவோ? வாங்கினா முழுசா வாங்கவேணும். கொஞ்சத்தைத் திருப்பித் தந்து உங்களை எல்லாருக்கும் முன்னால..."

அத்தான் காரை ஓரமாக நிறுத்தினார். முதுகுக்கு என்று நினைத்தேன். மனிதன் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"மிச்சத்தை ஒக்டோபரில, நாணல் வெட்டுற நாளுக்குக் கொண்டுவந்து தரட்டாம். நேரில வரட்டாம்."

"அதுக்கு?"

"நாணல் வெட்டுறதுக்கு உறுப்பினர் மட்டும்தான் போகலாம் மச்சான். புரோபேயில நிக்கிறவனுக்கு அண்டைக்குக் கேற்றே திறக்க மாட்டினம்."

மறுநாள் தேர். அத்தான் பாற்செம்போடு போனார், நான் பக்கத்தில் நின்றேன். தெருவோரக் கூட்டத்துக்குள் கிளவுஸ் நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். செம்பைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். அக்கா அவருக்கு மோதகம் கொடுத்தாள். இவர்தான் புழு குத்தியவர் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

நான் வவுனியாவுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. புழு கிளவுஸுடையது, மீன் குளத்தில் இருக்கிறது, தண்டம் மட்டும் அத்தானுக்கு. கிழமைக்கு ஒருதரம் அவர் தொலைபேசி எடுப்பார். "அந்தக் காசைக் கட்டித் துலைச்சாச்சே?" என்று நான் முதலில் கேட்பேன்.

"இல்லை மச்சான்" என்பார், காணி உறுதி கைக்கு வந்தவரின் குரலில். "இன்னும் குடுக்கவேணும். பதினைஞ்சு யூரோ."